டீச்சர் கழுத்தில் தொங்கிய மைக்

என் மகளுக்குப் பிறவியிலிருந்தே காது மந்தம். இரண்டு காதிலும் மெஷின் போட்டிருக்கிறாள். ஆனாலும் வகுப்பில் பிள்ளைகள் போடும் கூச்சலும் டீச்சர் குரலும் ஒன்றாகக் கலந்து இரைச்சலாகத்தான் விழும். அதற்கென்று தீப்பெட்டி அளவில் ஒரு மைக் இருக்கிறது. டீச்சர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பேசினால், அவர் குரல் மட்டும் நேராக மகளின் காது மெஷினுக்குப் போய்விடும். புண்ணியவான்கள் சிலர் வாங்கிக் கொடுத்தார்கள்.

நான் மாதேஸ்வரன் மலைப் பக்கம் கௌதள்ளியில் பிறந்து, கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள். எட்டாவதோடு நின்றுவிட்டேன். எதுவானாலும் முதலில் சாமிக்குத்தான். அந்த மைக்கையும் மாதேஸ்வரன் படத்துக்கு முன்னால் வைத்து, விபூதி பூசி, குங்குமம் இட்டு, வெற்றிலை பாக்கு வாழைப்பழத்தோடு தட்டில் வைத்துக் கணக்கு டீச்சரிடம் நீட்டினேன். குங்குமம் மைக்கின் ஓட்டையில் அடைத்துக்கொண்டது. மகள்தான் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தாள்.

"என்னம்மா இது, தாலியா? முகூர்த்தம் பார்த்துக் கட்டிக்கட்டுமா?" என்றார் டீச்சர், கன்னடத்தில். பக்கத்தில் நின்ற டீச்சர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மைக்கை அவர் கழுத்தில் மாட்டிக்கொள்வார். ஆனால் ஆன் செய்ய மாட்டார். மகள் வாயசைவைப் பார்த்தே கணக்குப் படித்தாள். ஒருநாள் ஹெட்மாஸ்டர் வகுப்பைப் பார்க்க வந்தார். அன்றைக்கு மட்டும் டீச்சர் மைக்கை ஆன் செய்தார். மணி அடித்ததும் அணைக்க மறந்து, அப்படியே வகுப்புச் சுவரை ஒட்டி இருக்கும் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மகள் பையைக்கூட இறக்கவில்லை.

"அம்மா, மிஸ் என்னைக் கிவுடின்னு சொன்னாங்க."

கன்னடத்தில் செவிடிக்கு அந்தச் சொல். அதோடு நிற்கவில்லை. 'அந்தக் கிவுடி பத்தாவது எழுதினா ஸ்கூல் ரிசல்ட் கெட்டுப்போகும். பெயிண்டர் பொண்ணுதானே, அம்மாவைக் கூப்பிட்டு மிரட்டினா டிசி வாங்கிட்டு ஓடிடுவா.' சுவருக்கு அந்தப் பக்கம் டீச்சர் பேசிய அத்தனையும் என் பிள்ளையின் காதுக்குள்ளேயே வந்து விழுந்திருக்கிறது.

"விட்டுத் தொலை புள்ள. பொழைக்க வந்த ஊரு, நமக்கெதுக்கு வம்பு?" என்றார் வீட்டுக்காரர்.

நான் விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் பஸ் ஏறினேன். எங்கள் தெரு அம்மனுக்கு ஒரு வழக்கம் உண்டு. அநியாயம் பட்டவர்கள் கோயில் அம்மிக்கல்லில் வரமிளகாயை அரைத்து அம்மன் மேல் பூச வேண்டும். செய்தவர்களுக்குத் தண்டனை கிடைக்கிறவரை அந்த எரிச்சல் அவளுக்கும் உண்டு. கிடைத்த பிறகு போய் எண்ணெய்க் காப்பு சாத்தி அவளைக் குளிர்விக்க வேண்டும்.

"எம்புள்ளையக் கிவுடின்ன வாயி நாலு பேரு முன்னால எரியோணும், தாயே" என்று சொல்லிச் சொல்லி அரைத்தேன். திரும்பும் பஸ்ஸில் அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துவிட்டேன். "ஏனக்கா அழுவறீங்க?" என்றார் கண்டக்டர். "அழுவலீங்க, மொளகாய்" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, அடுத்த சீட்டுக்கு டிக்கெட் போடப் போய்விட்டார்.

டீச்சர் சொன்னபடியே என்னை ஹெட்மாஸ்டர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மகளும் நின்றாள்.

"இவளுக்கு ஒண்ணுமே கேக்கறதில்லை சார். காது கேளாதவங்க ஸ்கூல்ல சேர்க்கட்டும். டிசி கொடுத்துடலாம்" என்றார் டீச்சர்.

மகள் கேட்டதை எனக்குத் தெரிந்த கன்னடத்தில் ஒரு சொல் விடாமல் சொன்னேன். கிவுடி என்ற சொல்லை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

டீச்சர் கைகொட்டிச் சிரித்தார். "பாருங்க சார்! முன்னால நின்னு கத்தினாலே கேக்காது. சுவருக்கு அந்தப் பக்கம் பேசினது கேட்டுச்சாம்!"

ஹெட்மாஸ்டர் சிரிக்கவில்லை. அவர் கண் டீச்சரின் கழுத்துக்குப் போனது. "அதைக் கொஞ்சம் ஆன் பண்ணுங்க மிஸ்."

"தாராளமா சார்."

பியூனோடு மகளைப் பக்கத்து வகுப்பில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அம்மாவும் பொண்ணும் நல்ல நாடகக் கம்பெனி" என்று முணுமுணுத்தார். எனக்குக் கேட்டது. ஹெட்மாஸ்டருக்கும் கேட்டது. என் வாய் தானாக மாதேஸ்வரனை 'மாதப்பா, மாதப்பா' என்று கூப்பிட்டது.

மகள் திரும்பி வந்தாள். டீச்சரின் குரலையே வரவழைத்துக்கொண்டு, "அம்மாவும் பொண்ணும் நல்ல நாடகக் கம்பெனி" என்றாள். பிறகு, "அப்புறம் இருமினீங்க மிஸ்" என்றாள்.

டீ கொண்டுவந்த ஆயா வாசலிலேயே நின்றுவிட்டாள். டீச்சரின் முகம் நான் அரைத்த மிளகாய் நிறத்துக்கு வந்தது. ஆத்தா, நீ இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

"டிசி பேச்சே இனி வேண்டாம்" என்றார் ஹெட்மாஸ்டர். "மிஸ், முதல் மணி அடிக்கும்போது அது ஆன்ல இருக்கணும்."

டீச்சர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன். "கழட்டிடாதீங்க மிஸ். தாலி மாதிரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். ஆயா வாய் சும்மா இருக்குமா? அந்த வாரமே பள்ளிக்கூடத்தில் டீச்சருக்கு 'நாடகக் கம்பெனி' என்று பேர் விழுந்துவிட்டது. சாமி சத்தியமாக, எனக்குச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டதுபோல் இருந்தது.

மகள் இப்போது பத்தாவது படிக்கிறாள். காலையில் அவளை விடப் போகும்போது வேண்டுமென்றே பள்ளிக்கூடக் கேட் பக்கத்தில் நிற்பேன். என்னைப் பார்த்ததும் டீச்சரின் கை தானாகக் கழுத்துக்குப் போய் மைக்கைத் தடவிப் பார்க்கும். அதைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு நடப்பேன்.

காப்புக்கு வாங்கிய நல்லெண்ணெய் சாமி அலமாரியில் அப்படியே இருக்கிறது.

"போதும்மா, போய்க் குளிர வச்சுட்டு வா. அம்மன் பாவம்" என்கிறாள் மகள்.

ரிசல்ட் வரட்டும் கண்ணு என்று சொல்லியிருக்கிறேன். உன் கணக்கு மார்க்கை அந்த டீச்சரே தன் வாயால் படிக்க வேண்டும், மைக் ஆனில் இருக்க வேண்டும், அது உன் காதில் விழ வேண்டும். அதுவரை ஆத்தா என்னோடு சேர்ந்து எரியட்டும். அவளும் பெண்பிள்ளைதானே, அவளுக்கும் சம்மதமாகத்தான் இருக்கும்.