கீறல் விழாத கடிகாரம்

பெட்டியைத் திறந்தால் அந்தத் தங்கக் கடிகாரம் அன்று வாங்கினது போலவே பட்டுத் துணிக்குள் கிடக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேலாயிற்று. மூடியில் ஒரு கீறல் இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சலிப்புத்தான் வருகிறது. சலிப்பு கடிகாரத்தின் மேலா, என் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெம்பில்லை.

ஜெர்மன் சண்டைக்கு இரண்டு வருஷம் முந்தி, பாளையங்கோட்டைக் கச்சேரியில் என்னைத் தலைமை குமாஸ்தா ஆக்கினார்கள். தலைமை குமாஸ்தாவென்றால் கோட்டில் கடிகாரச் சங்கிலி தொங்க வேண்டாமா? தம்பியைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலி ரதவீதிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நிக்கல், வெள்ளி, தங்கம் என்று மூன்றை எடுத்து வைத்தார்.

"வெள்ளி நம்ம ஊரு வேர்வைக்குக் கறுக்கும் வே. நிக்கல் மாடா உழைக்கும். தங்கம்னா பேரன் காலத்துக்கும் பேரு சொல்லும்" என்றார்.

தம்பி மூன்றையும் உள்ளங்கையில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான். தங்க மூடியைப் பைய தடவினான். "இது மெத்துனு இருக்கு அண்ணே. பட்ட எடமெல்லாம் கீறும். நீங்க மணி பாக்க மாட்டிய, இதுக்குக் காவல்தான் இருப்பிய" என்றான். எனக்குச் சுருக்கென்றது. வீம்புக்கென்றே தங்கத்தை வாங்கினேன். அவன் நிக்கலை வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு சட்டம் போட்டாள். "கோட்டுப் பையில வச்சுக்கோ. வேட்டி மடியில செருகாத. தங்கம் லெச்சுமில்லா, இடுப்புக்குக் கீழ தொங்கலாமாலே?"

கோட்டு கச்சேரிக்கு மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் வேட்டியும் துண்டும். ஆகவே கடிகாரம் பெட்டிக்குப் போயிற்று. நான் வழக்கம்போல என் நிழலைக் காலடியால் அளந்தே மணி சொல்லிக்கொண்டிருந்தேன். கச்சேரிக்கும் பாதி நாள் எடுத்துப் போகவில்லை. பித்தான் உரசிவிடுமே என்ற பயம்.

அடுத்த ஐப்பசியில் தம்பிக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை கிடைத்தது. தூத்துக்குடிக்கு ரயிலில் போய்க் கப்பலேற வேண்டும். கடல் தாண்டுகிறவன் நெற்றியில் குறுக்குத்துறை முருகன் திருநீறு பூசித்தான் அனுப்ப வேண்டும் என்றாள் அம்மா. நானே வாங்கிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கு வந்துவிடுவதாகச் சொன்னேன்.

"கடியாரத்த எடுத்துக்கிடுங்க அண்ணே, மழ மூட்டமா இருக்கு" என்றான் தம்பி.

ஆற்றுக்கும் கோயிலுக்கும் போகிறவனுக்கு ஏது கோட்டு? வெறுங்கையோடு போனேன். முழுகி எழுந்து, திருநீறு வாங்கி வெளியே வந்து தரையைப் பார்த்தேன். நிழலே விழவில்லை. நேரம் கிடக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டு நடந்தேன்.

ஸ்டேஷனில் ரயில் இல்லை. மூட்டை தூக்குகிறவர்தான் சொன்னார்: "ஒங்க தம்பி, வண்டி நகந்த பொறவும் படியில நின்னு பாத்துக்கிட்டே போனாவ ஐயா." திருநீற்றுப் பொட்டலம் என் கைக்குள்ளேயே நனைந்துபோயிற்று.

மறு வருஷம் கொழும்பிலேயே விஷக்காய்ச்சலில் இறந்துபோனான். அவன் சாமான்களோடு நிக்கல் கடிகாரமும் வந்தது. மூடி முழுக்கக் கீறல், ஓரத்தில் ஒரு நசுங்கல். சாவி கொடுத்தேன், ஓடிற்று. அன்றிலிருந்து என் மடியில் இருப்பது அதுதான். இப்போது எனக்குக் கச்சேரியும் இல்லை, பிடிக்க வேண்டிய ரயிலும் இல்லை. இருந்தும் நாளெல்லாம் அதை எடுத்து எடுத்து மணி பார்க்கிறேன்.

இன்று காலையும் தங்கக் கடிகாரத்தைத் துடைத்துப் பட்டில் சுற்றினேன். பெட்டியை மூடும்போது வாய்விட்டே சொல்லிவிட்டேன்: "ஒரு கீறல்கூட விழல, பாத்தியாலே."