ஒரு ஓட்டைக்கு மட்டும் அளவு இல்லை

ஒரகடத்தில் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கண்ணை மூடினால் இன்னும் அந்தப் படம்தான் தெரிகிறது.

நான் வரைந்த பம்ப் ஹவுசிங் டிராயிங்கை, அதாவது பம்பின் வெளிக்கூட்டின் படத்தை, காலையில் மேனேஜர் திருப்பிக் கொடுத்தார். "ஒரே பக்கத்துல இவ்ளோ அளவா? எறும்பு மொய்ச்ச மாதிரி இருக்கு. இதைப் பாரும்மா" என்று பழைய தாள் ஒன்றை நீட்டினார். அதே ஹவுசிங்கின் பழைய மாடல். 1991-இல் கையால் வரைந்தது.

பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு கோடுகூட இன்னொன்றின் மேல் ஏறவில்லை. நெரிசலான மூலைகளைத் தனியே பெரிதாக வரைந்திருந்தார்கள். ஒவ்வொரு எண்ணைச் சுற்றியும் வெள்ளை வெளி, காற்றடிக்காத ஏரி போல. மனதுக்குள் அதன் கரையிலேயே நடந்துகொண்டிருந்தேன். டீ ஆறிப்போனது.

பிறகு இரண்டு தாள்களையும் ட்ரில்லிங் மெஷின் ஏழுமலை அண்ணனிடம் கொண்டுபோனேன். நாளை புது ஹவுசிங்கில் ஓட்டை போடப்போவது அவர்தான். சாம்பிளுக்கு வந்திருப்பதோ ஒரே ஒரு பீஸ்.

"எது படிக்க ஈஸிண்ணா?"

பழையதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"சோக்கா கீது மேடம். ஆனா இந்தச் சின்ன ஓட்டை ஓரத்துலேர்ந்து எவ்ளோ தூரம்னு எங்கியுமே போடலியே."

நான் தேடினேன். மேனேஜரும் வந்து தேடினார். இல்லவே இல்லை.

"உங்க படத்துல தேடுனா கண்ணு நோவும். ஆனா கெடச்சிரும்" என்றார் அண்ணன்.

என் படத்திலும் மூலைகளைத் தனியே பெரிதாக வரைந்து கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஏரி வரவில்லை, குளம் அளவுக்கு வந்திருக்கிறது.

1991-இல் அதை வரைந்தவர் இங்கே இருந்தால், அந்த ஓட்டையின் அளவை மட்டும் கமெண்டில் போடுங்கள் சார். மேனேஜர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.