ரஹீமா சிஸ்டர் கேட்ட கேள்வி

சென்ற வெள்ளிக்கிழமை காலை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது லெப்பைக்குடிக்காட்டிலிருந்து போன் வந்தது. "சார், அக்கா மௌத்தாயிட்டாங்க. ஜும்மாவுக்கு அப்புறம் அடக்கம்," என்றார் ரஹீமா சிஸ்டரின் தம்பி. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அரியலூரில் எங்கள் குழந்தைகள் வார்டில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய கைகள் நினைவிருக்கும். குறைமாதக் குழந்தைக்குக் குழாய் வழியே பால் கொடுக்கும் முன், ஒவ்வொரு முறையும் உள்ளங்கையைச் சூடாகத் தேய்த்துக்கொண்டு அதன் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். இறுகியிருந்தாலோ, குழாயில் பச்சையாக ஏதும் வந்தாலோ, பாலை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுவார். "இதுங்க குடல் காகிதம் மாதிரி சார். நம்ம அவசரம் அதுக்குத் தெரியாது," என்பார்.

தொண்ணூற்றெட்டில் தா.பழூரிலிருந்து செல்வி என்ற பெண், ஏழாம் மாதத்தில் பிறந்த மகளோடு வந்தாள். குழந்தை ஒரு கிலோ சொச்சம். செல்விக்குப் பால் சுரக்கவில்லை. சிஸ்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பீய்ச்சச் சொல்லிக்கொடுத்தார். கிண்ணத்தின் அடி மட்டும் நனைந்தது.

"ரெண்டு சொட்டுதானே சிஸ்டர்," என்று அழுதாள்.

"இன்னிக்கு அதுக்கு ரெண்டு சொட்டுதான் வேணும். நாளைக்கு நாலு வரும்."

வந்தது. ஆனால் பத்து நாளாகியும் எடை ஏறாததில் எனக்குப் பொறுமை போய்விட்டது. பாலை இரண்டு மடங்காக்கச் சொன்னேன். தாய்ப்பால் போதாததற்கு டின் பால் சேர்க்கச் சொன்னேன்.

"காலைலேர்ந்து வயிறு லேசா இறுகுது சார். ஒரு நாள் பார்த்துட்டு ஏத்தலாமே."

"எழுதினதைக் கொடுங்க சிஸ்டர்."

கொடுத்தார்.

மறுநாள் நண்பகலில் குழந்தையின் வயிறு உப்பி மினுங்கியது. மலத்தில் ரத்தம். காய்ச்சலில் கிடந்த செல்வியை வார்டில் விட்டுவிட்டு, திருச்சிக்குக் குழந்தையோடு சிஸ்டரே வண்டியில் போனார். லால்குடி தாண்டியதும் மூச்சு நின்றுவிட்டது. துணியில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்து செல்வியின் மடியில் வைத்தார்.

"எம் பாலு ஒத்துக்கலையா சிஸ்டர்?"

"உன் பால்ல ஒரு குத்தமும் இல்லம்மா. அதைக் குடிச்சுத்தான் இத்தனை நாள் இருந்துச்சு."

செல்வி என்னைப் பார்த்தாள். நானும் அதைச் சொல்வேன் என்று காத்திருந்தாள். நான் கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைக்கும் குடல் அழுகும் இந்த நோய் வரலாம். அது தெரிந்தும் எனக்கு ஆறுதல் இல்லை. அதன்பின் பல வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். சிஸ்டர் இதை யாரிடமும் பேசவில்லை, என்னிடமும்.

சிறுநீரகம் கெட்டு அவர் படுத்திருந்தபோது, போன மாதம் பார்க்கப் போனேன். "அன்னிக்கு நீங்க சொன்னதைக் கேட்டிருக்கணும் சிஸ்டர்," என்றேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா சார்?" என்றார்.

இல்லை என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடக்கத்துக்கு மறுநாள் தா.பழூருக்குப் போய் விசாரித்தேன். செல்வியின் குடும்பம் திருப்பூர்ப் பக்கம் பிழைக்கப் போய் வருடங்கள் ஆகிவிட்டனவாம். முகவரி யாருக்கும் தெரியவில்லை. தன் பால்தான் பிள்ளையைக் கொன்றது என்று நினைத்தபடி அவள் எங்கோ இருக்கிறாள். ரஹீமா சிஸ்டர் எனக்கு விட்டுப்போனது அந்தக் கேள்வி ஒன்றைத்தான். இனி அதற்கு வேறு பதில் சொன்னாலும் கேட்க அவர் இல்லை.