பின்வாசலைத் திறந்து வைத்த ஞானப்பூ அக்கா

ஞானப்பூ அக்கா இறந்துவிட்டார் என்று எனக்குச் சொன்னவர் எங்கள் வேதக்கோயிலில் மணி அடிக்கும் செல்லையா. நான் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்துக்கொண்டிருந்தேன். துண்டைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். "சார், விருதுநகர்ல நம்ம நர்ஸம்மா போயிட்டாகளாம். பஸ்ஸுல வந்தவுக சொன்னாக. துக்க மணி அடிக்கவா, வேண்டாமா? கமிட்டியில யாரக் கேக்கணும்னு தெரியல" என்றார். இந்தச் சபையின் ஆஸ்பத்திரியில் ஆயுசையே கழித்த ஒருவருக்கு மணி அடிக்கக் கமிட்டியைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று எனக்குத் துக்கத்துக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. "அடிங்க. யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றேன்.

அடக்கம் விருதுநகரில், அவருடைய தங்கை வீட்டிலிருந்து நடந்தது. சபையார் கொஞ்சம் பேர் வந்திருந்தோம். அவர் கைபட்டுப் பிழைத்தவர்கள் விஸ்வநத்தம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். அங்கிருந்து ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. திரும்பும் வழியில் செயலாளர், சபைப் பத்திரிகைக்கு அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார். "அவுக ஆள வேதத்துல சேத்த ஆத்தும ஆதாயத்தக் கொஞ்சம் தூக்கிக் காட்டி எழுதுங்க சார்" என்றும் சொன்னார். எழுதுகிறேன். தூக்கிக் காட்ட மாட்டேன். முன்பு ஒருமுறை தூக்கிக் காட்டியதில் என்ன ஆனது என்பது உங்களில் பலருக்கும் தெரியும். தெரியாததுபோல் இருப்பவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரி திருத்தங்கலுக்கு வெளியே, கோயிலும் பள்ளிக்கூடமும் இருந்த அதே வளாகத்தில் இருந்தது. ஆஸ்பத்திரி என்று பெயர்தான். இரண்டு அறை, ஒரு தாழ்வாரம். டாக்டர் வாரத்தில் ஒருநாள் வருவார். மற்ற நாளெல்லாம் அக்காதான். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. காலையில் மணி அடித்ததும் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளிகளுக்கு உபதேசியார் வேதம் வாசித்து, ஒரு பாட்டுப் பாடி, பிரசங்கம் செய்து, ஜெபம் பண்ணுவார். அது முடிந்தபிறகுதான் மருந்து ஜன்னல் திறக்கும். சனங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. உபதேசியார் எப்போது 'ஆமென்' சொல்வார் என்று கணக்குப் பண்ணி, அந்த நேரத்துக்குச் சரியாக வந்து சேரப் பழகியிருந்தார்கள். உபதேசியாரும் விடாக்கண்டர். ஆட்களை எதிர்பார்த்துப் பிரசங்கத்தை நீட்டுவார்.

காய்ச்சல்காரனும் இருமல்காரனும் காத்திருக்கலாம். வெடிக் கம்பெனியில் வெந்துபோய் வண்டியில் வருகிறவன் எப்படிக் காத்திருப்பான்? அப்படி ஒருவர் தாழ்வாரத்தில் துடித்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் பாட்டின் மூன்றாவது சரணம் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் அக்கா கட்டுப்போடும் அறையின் பின்வாசலைத் திறந்தார். அதற்குப் பிறகு தீக்காயத்தோடு வருகிற யாரும் ஆமெனுக்காகக் காத்திருக்கவில்லை. வாழை இலை விரித்துப் படுக்க வைத்து வேலையை ஆரம்பித்துவிடுவார். உபதேசியார் சண்டைக்குப் போனார். "எரியுறவன் காதுல வசனம் ஏறாதுங்கய்யா. மொதல்ல எரிச்சல் அடங்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டார்.

விஷயம் கமிட்டிக்குப் போனது. குருவானவர் நல்ல மனிதர். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தார். "நாம சுவிசேஷம் சொல்ல வந்தோமா, கட்டுப்போட வந்தோமா? கட்டுப்போட சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கே" என்று ஒரு மூப்பர் கேட்டார். அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தார். "நான் ஜெபம் பண்ணாம ஒரு கட்டும் கட்டுனதில்ல. வாய்க்குள்ள பண்ணுறேன். ஆண்டவருக்குக் கேக்குது. நோயாளிக்கும் கேக்கணும்னா, அவுக கேட்டா சொல்லுறேன்" என்றார். நேரமாகிவிட்டதென்று கூட்டத்தை அத்தோடு முடித்தார்கள். பின்வாசல் திறந்தே இருந்தது.

அந்த வருஷங்களில் சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு இருந்தது. "அந்த நர்ஸம்மா சாமி பேச்சே எடுக்காது. தைரியமாப் போங்க." ஆமத்தூர்ப் பக்கம் நிலபுலத்தோடு இருந்த வீட்டுப் பெண்கள்கூட வில்வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த ஒரு பேச்சைத் தவிர எங்கள் ஆஸ்பத்திரிக்கு வேறு சொத்து இல்லை. அது அக்கா சம்பாதித்தது. அதைச் செலவழித்தவர்கள் நாம்.

தீபாவளிக்கு முந்தைய சீசன். எல்லாக் கம்பெனியிலும் ஆர்டர் நெருக்கும் நேரம். விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனியில் வெடித்திரி வெட்டிக்கொண்டிருந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. மதுரைக்குக் கொண்டுபோகும் நிலையில் இல்லை. நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. பக்கத்திலேயே மனைவி இருந்தார். நடுப்பகலில் இளநீர் கேட்டாரென்று அந்த அம்மாள் வாங்கப் போனார். அந்த நேரத்தில் அவர் அக்காவிடம் கேட்டிருக்கிறார்: "ஏம்மா, வாய்க்குள்ளயே பேசுறீகளே, யாருகிட்ட?" அக்கா சொன்னார். அதைக் கேட்டு அவர், "என்னையும் அவருகிட்டச் சேத்துவிட்டுருங்க" என்றார்.

குருவானவர் ஊரில் இல்லை. சாகும் தறுவாயில் இருப்பவர் கேட்டால், விசுவாசி யாராயிருந்தாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். பிறகு குருவானவரிடம் தெரிவிக்க வேண்டும். அதுதான் நம் முறை. அக்கா கட்டு நனைக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்து அவர் நெற்றியில் ஊற்றினார். மனைவி வந்து இளநீரைத் துளித்துளியாக வாயில் விட்டார். பொழுது சாய்வதற்குள் உயிர் போய்விட்டது. வீட்டார் கொண்டுபோய்த் தங்கள் வழக்கப்படி தகனம் செய்தார்கள். அக்கா எதுவும் சொல்லவில்லை. குருவானவர் வந்ததும் அவரிடம் மட்டும், முறைப்படி, சொன்னார்.

அடுத்து வந்தது கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை. அன்றைக்கு நடக்கும் அசனத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாதி சமயம் பார்க்காமல் சுற்று ஊரெல்லாம் வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் நாள். அந்த வருஷம் புதிதாக மைக்செட் வைத்திருந்தோம். பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கும்போது உபதேசியார் மைக்கைப் பிடித்து, சபைப் பதிவேட்டிலிருந்து ஆஸ்பத்திரி ஊழியத்தின் பலன்களை வாசித்தார். அந்த மனிதரின் பெயர், தகப்பன் பெயர், ஊர், அவர் மரணப் படுக்கையில் 'இருளைவிட்டு வெளிச்சத்துக்கு' வந்தது, எல்லாவற்றையும் வாசித்தார். கோயிலுக்குள்ளிருந்து ஸ்தோத்திர சத்தம் எழுந்தது. செத்தவரின் அண்ணன் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பிசைந்த சோறு கையில் இருந்தது.

அவர் கத்தவில்லை. கையை இலையிலேயே உதறிவிட்டு எழுந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். பிறகு அந்த வரிசை முழுக்க எழுந்தது. நான் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தேன். ஓடிப்போய், "அண்ணாச்சி, உக்காருங்க. சோத்துல கோவம் வேண்டாம்" என்று கையைப் பிடித்தேன். "சோறு போட்டுக்கிட்டே எங்க வீட்டுச் சாவக் கூவி விக்கிறீகளே சார்" என்றார். கையை விடுவித்துக்கொண்டு போய்விட்டார். அக்கா சமையல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

ஒரு வாரத்தில் தாழ்வாரம் ஏறக்குறைய காலியாகிவிட்டது. 'சாகப்போற நேரத்துல வேதத்துல சேத்துருவாக' என்பதே எங்கும் பேச்சு. வெந்தவர்களுக்கு வீட்டிலேயே பேனா இங்கியைத் தடவினார்கள், சாணம் பூசினார்கள். பிழைத்திருக்க வேண்டிய சிலர் சீழ் வைத்துச் செத்தார்கள். அக்கா மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஒருநாள் துணைக்கு நானும் போனேன். அந்த மனிதரின் வீட்டில்தான் முதலில் நின்றார். மனைவி வெளியே வந்து, "நான் இளநீ வாங்கப் போன நேரத்துலயா எம்புருசன மாத்துனீக?" என்று மட்டும் கேட்டார். "அவரு கேட்டாரும்மா" என்றார் அக்கா. "அப்ப என்னை வச்சுக்கிட்டுச் செஞ்சிருக்கலாம்ல?" என்றார் அந்த அம்மாள். திரும்பும் வழியெல்லாம் அக்கா அழுதுகொண்டே வந்தார்.

சபையில் மட்டும் அவருக்கு அதன்பிறகு தனி மரியாதை. 'பார்த்தீகளா, நம்ம நர்ஸம்மாவும் ஆத்துமாவ ஆதாயம் பண்ணிட்டாக' என்று மூப்பர்கள் பூரித்துப்போனார்கள். வேறு பலன் வரவில்லை. அடுத்து ஒருவரும் சேரவில்லை. பணம் அனுப்பியவர்கள், நோயாளியே வராத ஆஸ்பத்திரிக்கு எதற்குப் பணம் என்று நிறுத்திக்கொண்டார்கள். சுவிசேஷத்துக்காக வைத்தியத்தை விட்டோம்; பிறகு சுவிசேஷத்தைக் கேட்கவும் ஆளில்லாமல் போனது. ஆஸ்பத்திரியை மூடியபோது அக்கா சாவியைக் குருவானவரிடம் கொடுத்துவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனார். பிரிவுபசாரம் வேண்டாமென்று சொல்லிவிட்டார். நாங்களும் வற்புறுத்தவில்லை.

போன மழைக்காலத்தில் விருதுநகர் போயிருந்தபோது அவரைப் பார்த்தேன். மெலிந்துபோயிருந்தார். "சாப்பிட்டீகளா தம்பி?" என்று கேட்டுத் தங்கையைக் காப்பி போடச் சொல்லி உள்ளே அனுப்பினார். தங்கை போனதும் சொல்ல ஆரம்பித்தார்.

"ஆஸ்பத்திரிய மூடுறதுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால ஒரு பிள்ளையக் கொண்டாந்தாக. புதுசாக் கல்யாணமான பிள்ளை. லாரி கிடைக்காம வேற வழியில்லாம நம்மகிட்ட வந்தாக. ரொம்ப வெந்துபோயிருந்துச்சு. அது என்னைப் பாத்து, 'ஒருத்தருக்குச் சாகும்போது ஏதோ செஞ்சீகளாமே, எனக்கும் செய்யுங்கம்மா' ன்னுச்சு. தலமாட்டுல மாமியா நிக்கிறா. 'அதெல்லாம் வேண்டாந் தாயி, நீ பொழச்சுக்கிருவ' ன்னேன். பொழைக்காதுன்னு எனக்குத் தெரியும். மறுபடியும் கேட்டுச்சு. நான் காதுல விழாத மாதிரி கட்ட நனைச்சுக்கிட்டு இருந்துட்டேன். செஞ்சா குருவானவருகிட்டச் சொல்லணும். சொல்லாம மறைக்க எனக்கு வராது. சொன்னா அடுத்த பண்டிகையில மைக்ல வரும். மிச்சம் இருக்குற நாலு பேரும் வர மாட்டாக. அந்த நாலு பேருக்காக, அந்தப் பிள்ளை கேட்டதக் கொடுக்கல தம்பி. அப்புறம் அந்த நாலு பேரும் வரல."

"ஆண்டவர் பாத்துக்கிடுவாருக்கா" என்றேன். அப்படி ஒரு சந்தர்ப்பத்தில் நாம் எல்லாரும் சொல்வது அதுதானே.

"அவரு பாத்துக்கிடுவாரு. அந்தப் பிள்ளை என்னையில்ல பாத்துக்கிட்டு இருந்துச்சு?" என்றார் அக்கா.

உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் அன்னைக்கு யாருக்குப் பயந்தேன் தம்பி? அந்த மாமியாளுக்கா?" என்று கேட்டார். அதற்குள் காப்பி வந்துவிட்டது. குடித்துவிட்டுக் கிளம்பினேன். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

அக்கா நினைவாகக் கோயில் சுவரில் கல் பதிக்கலாமா என்று கமிட்டியில் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். பதித்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. அதில் ஆத்தும ஆதாயம் என்ற வார்த்தை மட்டும் வேண்டாம். எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்தக் கேள்வி. அதற்குப் பதில் எனக்கு அன்றைக்கே தெரியும், வாய்தான் வரவில்லை. மாமியாருக்கு இல்லை அக்கா. எங்களுக்கு.