எந்த ஓட்டைக்கு எந்த டிரைவ்?

தனியாக வாங்கி லேப்டாப்பில் செருகும் டிவிடி டிரைவை விற்பதும் செருப்பு விற்பதும் ஒரே பாடுதான். என்ன, செருப்புக் கடைக்கு வருகிறவர் காலைக் கூடவே கொண்டுவருவார், என் கடைக்கு வருகிறவர் லேப்டாப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார். நாமக்கல்லில் கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோ, ஸ்கேன் எல்லாம் இன்னும் தகட்டில்தான் பீரோவுக்குள் கிடக்கின்றன. புது லேப்டாப்பிலோ தகடு போட இடமே இல்லை. அதனால் டிரைவ் வேண்டும். எந்த டிரைவ் என்று சொல்ல, லேப்டாப்பின் ஓட்டை அகலப் பட்டையா, சின்ன நீள்வட்டமா என்று தெரிய வேண்டும். இதே தொழிலில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் சகோதரர்களே, உங்களுக்காவது யாராவது நேராகப் பதில் சொல்லியிருக்கிறார்களா?

இலையில் வந்த அளவு

பரமத்தி வேலூரிலிருந்து ஒரு வெற்றிலை விவசாயி வந்தார். மகளின் கல்யாண டிவிடியைப் பார்க்க வேண்டுமாம். ஓட்டையைப் பற்றிக் கேட்டேன். "ஊட்டுக்குப் போயி பாத்துட்டு வாரேனுங்க" என்று போனவர், மறுநாள் நான் கடை திறக்கும்போதே வாசலில் நின்றார்.

ஈரத்துணியைப் பிரித்தார். உள்ளே ஒரே ஒரு வெற்றிலை. லேப்டாப்பின் ஓரத்தில் அதை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்திருக்கிறார். ஓட்டையின் விளிம்பு அச்சாகப் பதிந்திருந்தது. சின்ன நீள்வட்டம். டைப் சி! சத்தியமாகக் கை தட்டிவிட்டேன். படம் எடுக்கலாம் என்று போனைத் தேடுவதற்குள் அவர் கையை நீட்டினார்.

"அளவு பாத்தாச்சுங்களா? அப்ப எலையக் குடுங்க, பாக்கு கையிலயே இருக்குது."

வேகம் கேட்டவர்

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர் ஒருவர். மெஷினோடு வந்த சிடியைத் திறக்க வேண்டும். யுஎஸ்பி 2.0 வேண்டாம், 3.0தான் வேண்டும், அதுதான் வேகம் என்று ஒற்றைக் காலில் நின்றார். தகடு சுற்றுகிற வேகத்துக்கு 2.0வே தாராளம் என்று நானும் விடவில்லை. காப்பி வந்து ஆறிப்போனது. கடைசியில் அவர் முகம் பளிச்சென்று மலர்ந்தது.

"நாலுவழி ரோடே போட்டாலும் டிராக்டரு டிராக்டரு வேகத்துலதான் போகும்கறீங்க. இத மொதல்லயே சொல்லறதுக்கென்னங்க?"

ஒரு மணிக்குள்

ஒரு சனிக்கிழமை காலை, லாரிக்கு பெயின்ட் அடிக்கும் அந்தோணியும் அவர் மனைவி சகாயமேரி அக்காவும் வந்தார்கள். அக்கா கையில் ஆஞ்சியோகிராம் சிடி. திங்கட்கிழமை அந்தோணியின் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய நாள் குறித்தாகிவிட்டது. அதற்குமுன் சேலத்தில் இன்னொரு டாக்டரிடம் காட்டிவிட வேண்டும் என்று அக்காவுக்குப் பிடிவாதம். டாக்டர் ஒரு மணிவரைதான் இருப்பார், மாலையில் வெளிநாடு கிளம்புகிறார். அவர் லேப்டாப்பில் சிடி போட வசதியில்லை, டிரைவைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

என்ன ஓட்டை? தெரியாது. டாக்டரின் உதவியாளர் போனை எடுக்கவில்லை. பட்டை முனை டிரைவையும், அதில் மாட்டினால் டைப் சி ஆகிவிடும் குட்டி இணைப்பையும் சேர்த்துக் கொடுத்தேன். அக்கா இரண்டையும் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எந்த ஓட்டையா இருந்தா என்னுங்க, இவரு நெஞ்சுல ஓட்டை போடாம இருந்தாச் செரி."

பன்னிரண்டு ஐம்பது

போன் அடித்தது. அக்காதான். "டிரைவு கட்டுக் கட்டுங்குதுங்க, படம் வரலைங்க!" பின்னால் டாக்டர் நேரமாகிறது என்று சொல்வது கேட்டது. "எதுலக்கா சொருகியிருக்காங்க?" என்று கத்தினேன். மேசையில் மவுஸ், பிரிண்டர் எல்லாம் ஒன்றாகச் செருகியிருந்த ஹப்பிலாம். ஒரே குழாயில் நாலு பேர் தண்ணீர் பிடிக்கிற கதை. டிரைவுக்குக் கரண்டே போதவில்லை. "ஹப்பு வேண்டாம்! லேப்டாப்புலயே நேராச் சொருகச் சொல்லுங்க!"

லேப்டாப்பில் டைப் சி மட்டும்தான். குட்டி இணைப்பை மாட்டினார்கள். தகடு 'ஸ்ஸ்' என்று சுற்றுகிற சத்தம் எனக்கே கேட்டது. படம் வந்துவிட்டது! கடைக்குள் நான் குதித்ததை எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அக்கா போனை வைக்க மறந்துவிட்டார், நானும் வைக்கவில்லை. பிறகு டாக்டரின் குரல்: "இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம்மா. மாத்திரையிலேயே பாக்கலாம்." அக்கா ஓவென்று அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. போன் கை மாறியது, அந்தோணி பேசினார்.

"ஏனுங்க, மாத்திரைதானாமா. அப்ப இந்த டிரைவத் திருப்பி எடுத்துக்குவீங்களா?"

விற்ற சரக்கு திரும்பி வருகிறதென்று கேட்டுச் சந்தோஷத்தில் குதித்த வியாபாரி இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.