கடைசிப் பத்தி

கத்தரிக்கோலால் வெறும் காற்றை இரண்டு முறை வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் முதல் கதையைக் கையில் எடுப்பார். எங்கள் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களுக்குக் கதை எழுதச் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியை அவர். அடுத்த அறையில் இலக்கணத்தோடு மாரடிப்பவன் நான். ஒவ்வொரு கதையையும் வகுப்பில் உரக்கப் படிப்பார். முடிந்ததும் கடைசிப் பத்தியைக் கத்தரித்து, எழுதியவர் கண்ணெதிரிலேயே குப்பைக்கூடையில் போடுவார். "கடைசிப் பத்தியை எல்லாரும் பயந்துக்கிட்டுதான் எழுதுறீங்க. அது இல்லாம படிச்சுப் பாருங்க." படித்தால் கதை நன்றாகத்தான் இருக்கும். எனக்குப் பொறாமை.

யாராவது "அழகா இருக்கு" என்றால், கெட்ட வார்த்தை காதில் விழுந்ததுபோல் முறைப்பார். மாணவர்களிடையே ஒரு பேச்சு உண்டு: மேடம் வெட்டினால் மிச்சக் கதை பலித்துவிடும். ஒருத்தியின் கதையில், ஓடிப்போன நாய் கடைசிப் பத்தியில் வீடு திரும்பியது. அதை வெட்டினார். அந்த வாரமே அவள் வீட்டு நாய் காணாமல் போனது, இன்னும் வரவில்லை. கேட்டால் சிரிப்பார். "என் கத்தரிக்கு அவ்ளோ சக்தி இருந்தா, முதல்வரோட பேச்சையில்ல முதல்ல வெட்டியிருப்பேன்!"

இன்று நான் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். வாய் திறந்தே பார்த்திராத ஒரு விடுதி மாணவனின் கதையைப் படிக்கிறார். பூங்கா பெஞ்சில் ஒரு கிழவர். சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருக்கிறார். காலுறையைச் சுருட்டி இடது ஷூவுக்குள் வைக்கிறார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சாய்கிறார். பேராசிரியை நிறுத்தி, அந்த வரியை மறுபடி படிக்கிறார். அச்சு அசல் பேராசிரியையின் கணவரேதான். தினமும் மதியம் பூங்காவுக்குத் தனியாகப் போகிறவர்.

'அதன்பின் அவர் அசையவில்லை' என்பதோடு தாள் முடிகிறது.

"இவரை உனக்குத் தெரியுமாப்பா?"

"யாரையும் பார்த்து எழுதல மேடம். தானா வந்துச்சு."

"கடைசிப் பத்தி எங்கே?"

"நானே வெட்டிட்டேன். எப்படியும் நீங்க வெட்டத்தானே போறீங்கன்னு..."

"அதுல என்ன எழுதியிருந்தே?"

"எந்திரிச்சு வீட்டுக்குப் போவாரு மேடம்."

கைபேசியை எடுத்துக் கணவரை அழைக்கிறார். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. மறுபடியும் அழைக்கிறார். எடுக்கவில்லை.

"எங்கே போட்டே அதை?"

பையன் குப்பைக்கூடையைக் காட்டுகிறான். இன்று வெட்டுப்பட்ட எல்லாருடைய முடிவுகளும் அதில்தான் கிடக்கின்றன.

பேராசிரியை தரையில் மண்டியிட்டு, கூடையைக் கவிழ்த்து, ஒவ்வொரு துண்டாக விரித்துப் படிக்கத் தொடங்குகிறார்.