கரித்துண்டு கிடந்த பங்களா

திருகோணமலைக்கு வருகிறவர்களுக்குக் கோயிலும் கடலும் போதாது, பேயும் வேண்டும். அதற்கென்றே எங்கள் வாடிக்கை ஓட்டோக்காரர் ஒரு சுற்று வைத்திருந்தார். கோட்டைக்குள் ஓர் இருட்டறை, வெள்ளைக்காரரைப் புதைத்த பழைய சேமக்காலை, கடைசியில் துறைமுகத்துக்கு மேலே மேட்டில் ஆளில்லாமல் கிடந்த பங்களா. அந்தச் சுற்றால் எங்களுக்கும் வியாபாரம் நடந்தது. புறப்படும்போது மத்தியானச் சோற்றுப் பார்சலை எங்கள் கடையில்தான் வாங்கித் தன் சீற்றுக்குக் கீழே அடுக்கிக்கொண்டு போவார். பேய் பார்த்து முடிந்ததும் இறக்கக்கண்டிக் கடற்கரையில் வைத்துச் சனத்துக்குச் சாப்பாடு கொடுப்பார்.

கடை என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம். நானும் என் தமையனின் மனைவியான மச்சாளும், இரண்டு பெண்களாகச் சேர்ந்து சமைக்கிற இடம். இரண்டு வீட்டு அடுப்பும் அதனால்தான் எரிகிறது. போன வருடம் திடீரென்று, கட்டடத்தை இடிக்கப்போகிறோம், மாதக் கடைசிக்குள் எழும்புங்கள் என்றார்கள். வேறு இடம் தேடி நாயாக அலைந்தேன். கப்பல்துறைப் பக்கம் ஒன்று கிடைத்தது, ஆனால் அவ்வளவு தூரம் சோறு தேடி யார் வருவார்கள்? டவுனுக்குள் நல்ல கிணறும் பெரிய குசினியுமாக எங்களுக்குக் கட்டுப்படியான ஒரே வீடு அந்தப் பேய் பங்களாதான். பாலையூற்றில் இருந்த வீட்டுச் சொந்தக்காரர், கேட்க ஒரு ஆள் வந்ததே பெரிது என்று சாவியை என் கையில் திணித்துவிட்டார்.

மச்சாளிடம் சொன்னேன். அகப்பையைப் போட்டுவிட்டு எழும்பினார்.

“நான் செத்தாலும் அங்க அடுப்பு மூட்டமாட்டன். வேணுமெண்டால் நீங்கள் பேயோட சேர்ந்து சமையுங்கோ.”

“பேயை ஆர் கண்டது மச்சாள்?”

“பேயை விடுங்கோ. அங்க செய்வினை செய்து வைச்சிருக்கு. போன சனமெல்லாம் கண்ணால கண்டிருக்கு.”

எனக்குப் பேய்ப் பயம் இல்லை. மாதக் கடைசிப் பயம்தான். எங்கள் பார்சல் விற்பது மச்சாளின் கைப்பக்குவத்தால்தான். அவர் வராவிட்டால் எனக்கு எந்த வீடும் உதவாது. “ஒருக்கா வந்து பாருங்கோ. அதுக்குப் பிறகும் ஏலாதெண்டால் கடையை மூடுவம்” என்று வாயை விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் பட்டப்பகலில் அதே ஓட்டோவில் போனோம். மனுசனுக்கு எங்களைக் கூட்டிப்போகவே விருப்பமில்லை. வழி முழுக்க, அந்தப் பங்களாவில் பேயாக அலைகிற வெள்ளைக்காரத் துரையைப் பற்றிச் சுற்றுலாக்காரருக்குச் சொல்லும் கதையை எங்களுக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். மச்சாள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

கதவைத் திறந்தோம். முன்மண்டபத்தின் நடுவில் குவியலாகக் கரித்துண்டுகள் கிடந்தன. ஒவ்வொரு கரியோடும் ஒரு ஆணி, இரண்டையும் சேர்த்துச் சிவப்பு நூல்கட்டு. கடை போய்விட்டது என்றே நினைத்தேன்.

“பாத்தீங்களே அக்கா? வாங்கோ போவம்” என்றார் ஓட்டோக்காரர் வாசலில் நின்றபடி.

மச்சாள் என் கையை விட்டார். குந்தியிருந்து ஒன்றை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார்.

“இது என்ர முடிச்சு.”

எங்கள் பக்கத்தில் பொரித்த மீனை வெளியே கொண்டுபோனால் வாசத்துக்குப் பேய் பின்னால் வரும் என்பார்கள். அதனால் பார்சலோடு கரியும் இரும்பும் வைப்பது வழக்கம். மச்சாள் அதில் வலு கண்டிப்பு. தன் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் எடுத்து, இரட்டை முடிச்சுப் போட்டு, ஒவ்வொரு பார்சலிலும் செருகித்தான் விடுவார். நாளும் பார்த்த கட்டுத்தான், ஆனால் அந்த இடத்தில் குவியலாகக் கண்டதும் எனக்கு அது பிடிபடவில்லை.

இருவரும் திரும்பி ஓட்டோக்காரரைப் பார்த்தோம். அவர் நிலத்தைப் பார்த்தார்.

“வெறும் வீட்டைக் காட்டினா சனம் ஏசுது அக்கா. ஒரு அடையாளத்துக்காக, பார்சல்ல இருந்ததைக் கழட்டி வைச்சனான்.”

நான் திட்ட வாயெடுத்தேன். மச்சாள் முந்திவிட்டார். அவருடைய கோபம் வேறு.

“அப்ப என்ர மீன் பொரியலெல்லாம் கரி இல்லாமலோ போனது?”

“ஓம்.”

“இந்த வாசல்ல எவ்வளவு நேரம் நிண்டது?”

“சனம் பாத்து முடியுமட்டும். அரை மணித்தியாலம் வரும்.”

“எத்தினை தரம்?”

“ஒரு வருசமா, கிழமையில ரெண்டு மூண்டு தரம்.”

“ஒருத்தருக்காவது காய்ச்சல், தலையிடி? ஓட்டோ பிரண்டதோ?”

“ஒண்டும் இல்லை அக்கா.”

மச்சாள் எழும்பிச் சேலையைத் தட்டினார். “பொரிச்ச பாரை மீனைக் கரியும் இல்லாமல் ஆணியும் இல்லாமல் இவ்வளவு காலம் இவர் இந்த வாசல்ல வைச்சிருக்கிறார். ஒரு பேய் இருந்திருந்தால் விட்டிருக்குமோ? இந்த டவுனிலயே பேய் இல்லாத வீடு இதுதான். குசினி எந்தப் பக்கம்?”

நான் அந்த இடத்திலேயே அவரைக் கட்டிப்பிடித்தேன். எங்களுக்குள் அந்தப் பழக்கம் இல்லை, அவர் கூச்சத்தோடு என்னைத் தள்ளிவிட்டார். அதற்குள் ஓட்டோக்காரர் விளக்குமாறு தேடப் போயிருந்தார்.

மாதம் முடிய ஒரு கிழமை இருக்கும்போதே, சரியாக உச்சிப் பொழுதில், அந்தக் குசினியில் மீன் பொரித்தோம். யன்னல்களையெல்லாம் மச்சாள் அகலத் திறந்துவிட்டார். வாசம் துறைமுகம் வரைக்கும் போயிருக்கும். ஒரு பேயும் வரவில்லை, சனம் வந்தது.